கூடு திறந்து கிடக்க நரிக்குக் கட்டுத்துவக்கா?

"நரியைத் தொலைச்சால்தான் கோழி தப்பும்." வன்னியில் தண்ணீரூற்று, முள்ளியவளை, குமுழமுனைப் பக்கம் எந்த வளவுக்குள் போய் ஊர்க்கோழியைப் பற்றிக் கதை தொடங்கினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். சொல்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு கோழி வைத்து, முட்டை விற்று, பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் காசு சேர்க்கும் தாய்மார். அடைவைத்து, குஞ்சு பொரிக்கவைத்து, கரப்புக்குள் மூடிக் காத்து வளர்த்த பேட்டை ஓர் இரவில் இழந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கோபம் போய்ச் சேரும் இடத்தில்தான் குறை. நரியைக் கொல்வதால் கோழி தப்புவதில்லை.

நரி கோழி பிடிக்காது என்று நான் வாதாட வரவில்லை. பிடிக்கும். ஆனால் வன்னிக் காட்டு நரி கோழியை நம்பிப் பிழைக்கிற பிராணி அல்ல. வயல் எலி, வரம்பில் வளை போடும் நண்டு, முயல், செத்த மாடு, மரத்தடியில் உதிர்ந்த பழம் என்று கிடைப்பதைத் தின்று வாழ்கிறது. மம்மல் பொழுதிலும் விடியப்புறத்திலும் ஊர் ஓரமாக வரும்போது, வெளியே நிற்கும் கோழி அதன் கண்ணில் படுகிறது. எலி பிடிக்கப் படும் பாட்டைவிட அது சுலபம். நரி செய்வது அவ்வளவுதான்.

கோழி காணாமற் போன காலையில் பழியை நரியின் தலையில் போடுவதற்கு முன் கூட்டடியில் குனிந்து பாருங்கள். இறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து வேலிப் பொட்டு வரை போய், கோழி முழுசாக இல்லையென்றால் நரியாக இருக்கலாம். கூட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று கோழி கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் மரநாயைச் சந்தேகியுங்கள். முட்டைக் கோது உடைந்து கிடந்தால் கீரி. கோதும் இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. பட்டப்பகலில் முற்றத்துக் குஞ்சு போனால் பிராந்து. கொன்று போட்டுத் தின்னாமல் விட்டுப் போயிருந்தால், அடுத்த ஒழுங்கையில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய். இத்தனை பேர் செய்கிற களவுக்கும் தண்டனை வாங்குவது நரி ஒன்றுதான். சின்ன வயதிலேயே பாட்டியின் வடைக் கதையோடு நரி என்றால் கள்ளன் என்று மனதில் எழுதிக்கொண்டோம். அதற்குமேல் விசாரணை நடப்பதில்லை.

இன்னொரு நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஊர்க்கோழி மரத்தில் ஏறிப் படுக்கும், நரிக்கு எட்டாது." நரிக்கு எட்டாதுதான். மரநாய்க்கு? இரவில் கண் தெரியாமல் கிளையில் குந்தியிருக்கும் கோழி, மரமேறும் மிருகத்துக்குத் தட்டில் வைத்த சோறு. அதை மரநாய் கொண்டுபோனாலும் ஊர் நரியைத்தான் ஏசுகிறது.

சரி, நரியே குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். கொன்றால் குறையுமா? 2001இல் பிரித்தானியாவில் கால்நடைகளுக்குக் கால்-வாய் நோய் பரவியபோது, நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை ஏறக்குறைய பத்து மாதம் முற்றாக நிறுத்தினார்கள். வேட்டை இல்லாவிட்டால் நரி பெருகி ஊரை அழித்துவிடும் என்று அங்கேயும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் பல இடங்களில் நரியின் எச்சத்தை எண்ணி, தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நரி பெருகவில்லை. 2002இல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளிவந்தது. அமெரிக்காவில் நரியின் இனத்தைச் சேர்ந்த கொயோட்டியை நூறு வருடத்துக்கு மேலாகச் சுட்டும் நஞ்சு வைத்தும் கொல்கிறார்கள். இன்று ஹவாய் தவிர்ந்த எல்லா மாநிலங்களிலும் அது இருக்கிறது. ஒரு நரி செத்தால் அதன் எல்லை காலியாகும். காலியான எல்லைக்குள் அடுத்தது வரும். வருவது பெரும்பாலும் இளசு, ஊர் பழகாதது. உங்கள் கூடு அப்போதும் திறந்துதான் கிடக்கும்.

நரியைக் கொல்ல வைப்பது நரியோடு நிற்பதும் இல்லை. காட்டோரப் பாதையில், கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குக் கட்டுகிறார்கள். கம்பியில் தட்டுவது நரியின் காலா, விறகுக்குப் போன மனிதனின் காலா என்று துவக்குக்குத் தெரியாது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்கட்டும், நம் வன்னியில் போர் முடிந்த பிறகும் கால் இழக்க இன்னொரு வழியை நாமே செய்து வைக்கலாமா? வயலில் பூச்சிக்கு அடிக்கும் எண்ணெயை இறைச்சியில் தடவி வைத்தால், முதலில் சாவது வீட்டு நாயும் காகமும்தான். பன்றிக்கென்று தீனுக்குள் ஒளித்து வைக்கும் வெடியைக் கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் பட்டினியில் சாகும் யானைகளை இந்த நாடு வருடந்தோறும் பார்க்கிறது. இவற்றையெல்லாம் ஒரு கோழியின் பேரால் நியாயப்படுத்த என்னால் முடியாது. செத்த நரியில் "நரிக்கொம்பு" தேடும் கூட்டத்தையும் இங்கே சொல்லவேண்டும். வழக்கில் வெல்லலாம், செல்வம் வரும் என்று அதை விற்கிறார்கள். அது வெறும் ஏமாற்று வியாபாரம்.

நரியைக் கொல்வதில் கமக்காரனுக்கும் நட்டம் இருக்கிறது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடம், நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணினோம். பயிரை அழிக்கின்றன என்று அரசாங்கமே எண்ணச் சொன்னது. கச்சானும் பயறும் மிளகாயும் போட்டவர்களுக்கு மயில் படுத்தும் பாடு தெரியும். மயில் முட்டையிடுவது நிலத்தில். அந்த முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும் மிருகங்களில் நரியும் ஒன்று. நரியைக் கொன்றுவிட்டு மயிலையும் எலியையும் திட்டுவது எந்தக் கமக்காரனுக்கும் அழகல்ல.

கோழியைக் காப்பது கூடு. நிலத்திலிருந்து இரண்டரை மூன்று அடி உயரத்தில், பனஞ்சலாகையில் கால் போட்டு, காலைச் சுற்றி வழுக்கும் தகரம் அடித்து எழுப்பிய கூட்டில் நரிக்கும் மரநாய்க்கும் ஏறுவது கடினம். கடையில் விற்கும் மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், பல்லுள்ள மிருகத்தை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, ஒட்டு வைத்த தடித்த கம்பிவலை போடுங்கள், கீரியும் நுழையாது. நிலத்தோடு கூடு என்றால் வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, இன்னும் ஓர் அடி வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். நரி பெரும்பாலும் சுவரடியில்தான் தோண்டும், வலை தட்டினால் அலுத்துப்போகும். கதவுக்குக் கயிறு வேண்டாம், இரும்புக் கொண்டி வேண்டும். மம்மலுக்கு முன் குஞ்சு குருமான் எல்லாம் உள்ளே போயிற்றா, எண்ணிக்கை சரியா என்று பார்த்துக் கொண்டி போடவேண்டும். இரவில் மிஞ்சிய தீனையும் மீன் கழிவையும் கூட்டடியில் விடக்கூடாது. வளவு மூலையில் வளர்ந்து மூடிய பற்றையை வெட்டிவிடவேண்டும். இடம்பெயர்ந்து திரும்பியபோது பல வளவுகள் காடாகிக் கிடந்தன. வீட்டைச் சுற்றி வெட்டினோம், கோடிப்புறத்தை அப்படியே விட்டோம். நரி வந்து பதுங்குவது அங்கேதான்.

இன்னொன்று. முற்றத்தையே வெறிதாக்குவது நரியைவிட ராணிக்கெட் நோய்தான். நரி ஒரு கோழியைக் கொண்டுபோகும், அந்த நோய் ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் கொண்டுபோகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. நரிக்கு வெடி தேடி அலைகிற நேரத்தில் பாதியை மிருக வைத்தியரிடம் போக ஒதுக்கினால் போதும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவி என்று எத்தனையோ வீடுகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். கூடு இல்லாத வீட்டுக்குக் குஞ்சு கொடுப்பது காட்டு மிருகங்களுக்குத் தீன் கொடுப்பதுதான். உதவி செய்ய வருகிறவர்களே, முதலில் கூட்டைக் கட்டிக் கொடுங்கள், குஞ்சைப் பிறகு கொடுங்கள். வாங்குகிறவர்களே, கூடு இல்லாமல் குஞ்சுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். காட்டோரத்தில் கட்டுத்துவக்குக் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே போய் அதை அவிழ்த்துவிடுங்கள்.