3, 7, 15: சிறிய டர்போ எஞ்சினின் முதுமைக்கு யார் பொறுப்பு?

மயூர் விஹார் முதல் பகுதியின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் மாலை ஏழு மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவோர் கண்ணில் ஒன்று தவறாமல் படும். அங்கே வரிசையாக நிற்கும் புதிய கார்களுள் பல, நான்கு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் குறைந்த நீளமுடையவை. தோற்றத்தில் மலையேறும் வண்டியின் மிடுக்கு. முன்மூடியைத் திறந்தால் ஒரு லிட்டரோ 1.2 லிட்டரோ கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் விலாவில் உள்ளங்கையளவு டர்போ. இந்த எஞ்சின் பத்தாண்டு தாங்குமா என்ற கேள்வி அக்குடியிருப்புகளின் மின்தூக்கிகளிலும் நடைபாதைகளிலும் ஓயாமல் எழுகிறது. விடை சொல்வோர் இரு கட்சியாக நிற்கின்றனர். சின்ன எஞ்சினைப் பிழிந்தால் சீக்கிரம் சாகும் என்பது ஒரு கட்சி. முறையாகப் பராமரித்தால் ஒன்றும் ஆகாது என்பது மறு கட்சி. விற்பனையகங்களின் கட்சியும் அதுவே. முதற்கட்சி வரலாற்றை மறக்கிறது. மறு கட்சி பொறுப்பை மறைக்கிறது.

இந்த எஞ்சின் எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவது முறை. 2006 பிப்ரவரியில் தாக்கலான வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு இலக்கணமும் அப்போதே வகுக்கப்பட்டது: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.யையும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.யையும் தாண்டக் கூடாது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அது இன்னும் ஆழமாகக் கீறப்பட்டுள்ளது: கோட்டுக்கு உள்ளே 18 விழுக்காடு, வெளியே 40 விழுக்காடு.

வாங்குவோர் விரும்புவதோ பெரிய வண்டியின் இழுவை. கொள்ளளவைக் கூட்டினால் வரி ஏறும். ஆகவே அதே கொள்ளளவுக்குள் காற்றைத் திணித்தனர். 2019இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்ளலாம். அதன் டர்போ இல்லாத 1,197 சி.சி. எஞ்சின் 83 குதிரைத்திறன் தந்தது. டர்போ பொருத்திய 998 சி.சி. எஞ்சின் 120 தந்தது. லிட்டருக்கு 69 என்றிருந்த திறன் லிட்டருக்கு 120 ஆயிற்று. ஐரோப்பாவில் எஞ்சின்களைச் சுருக்கியது கரியமில வாயு விதி. இந்தியாவில் அதற்குக் கொள்ளளவின் உச்சவரம்பைக் குறித்துக் கொடுத்தது வரிச்சட்டம். தில்லியின் வெயிலும் தூசியும் நெரிசலும் அந்த உச்சவரம்பைக் குறித்தபோது யாராலும் கலந்தாலோசிக்கப்படவில்லை.

இதனால் சிறிய டர்போ எஞ்சின் இயல்பிலேயே நோஞ்சான் என்று முடிவு கட்டலாமா? கூடாது. மறுப்புச் சான்று இந்தியச் சாலைகளிலேயே ஓடியது. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின், துல்லியமாகச் சொன்னால் 1,248 சி.சி., புனேக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவிலும் ஹரியானாவின் மானேசரிலும் உற்பத்தியாயிற்று. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எனப் பல நிறுவனங்களின் பல வண்டிகளில் அது ஏறியதால் ‘தேசிய எஞ்சின்’ என்றே பெயர் பெற்றது. அதுவும் சிறியது, அதிலும் டர்போ உண்டு. வாடகை வண்டிகளில் அது லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதை எந்த ஓட்டுநரும் சாட்சி சொல்வார். சிறிய டர்போவை நம்ப முடியாது என்போர், தாம் விமான நிலையம் போய்வந்த வண்டியின் முன்மூடியை ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை.

அந்த எஞ்சினைத் தில்லியிலிருந்து வெளியேற்றியது தேய்மானம் அன்று, நாட்காட்டி. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலம் போயின, அல்லது உடைக்கப் போயின. வயதை மட்டும் காரணமாக்கிப் பி.எஸ். 4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் உரிய வண்டிகள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது 2025 டிசம்பரில்தான். தாங்கிய எஞ்சினுக்கு வயதுவரம்பு விதிக்க அரசுக்குத் தெரிந்தது. தாங்க வேண்டிய எஞ்சினுக்கு ஆயுள்வரம்பு விதிக்க அரசுக்கு இன்னும் தோன்றவில்லை.

மறு கட்சியின் பக்கம் திரும்புவோம். டீசல் டர்போ தாங்கியது என்பதால் பெட்ரோல் டர்போவும் தானாகத் தாங்கிவிடும் என்பதில்லை. டீசலின் புகை சுமார் 800 டிகிரி வெப்பத்தில் வெளியேறும். டர்போ பெட்ரோல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது அது ஆயிரத்தை நெருங்கும். அந்த வெப்பத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலும் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. ஆயில் கருகினாலோ நீர்த்தாலோ அப்படலம் கிழியும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்னும் இரு சிக்கல்கள் உண்டு. ஒன்று, எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் குறும்பயணங்களில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலத்தல். மற்றொன்று, குறைந்த சுழற்சியில் பாரம் ஏறும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை வெடித்துப் பிஸ்டனை அடித்தல். இந்த இரண்டாவது சிக்கலுக்கு ஆயிலின் வேதியியலும் ஒரு காரணம் என்று கண்டதனால்தான் 2018இலும் 2020இலும் ஆயிலின் தரக்குறியீடுகளே மாற்றி எழுதப்பட்டன. பழைய எஞ்சினில் ஆயில் ஒரு நுகர்பொருள். இந்த எஞ்சினிலோ அது ஓர் உறுப்பு.

இதை மயூர் விஹாரின் அன்றாடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சனவரிக் காலையில் ஐந்தாறு டிகிரிக் குளிரில் கிளப்பிய வண்டி, நொய்டா எல்லைவரை சில கிலோமீட்டர் ஊர்ந்து, எஞ்சின் முழுவதும் சூடேறுமுன் நிற்கிறது. சூன் மாத மாலையில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தூசியை உறிஞ்சியபடி அதே தொலைவு திரும்புகிறது. கார்களின் கையேடுகள் பலவற்றில் ‘கடினமான பயன்பாடு’ என்றொரு பிரிவு இருக்கும்: குறும்பயணம், நின்று நின்று ஓடுதல், தூசி, கடுங்குளிர், கடும்வெப்பம். இத்தகைய பயன்பாட்டில் ஆயிலை இன்னும் விரைவாக மாற்ற வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். கடைசிப் பக்கங்களில் விதிவிலக்காகச் சொல்லப்படும் அந்த ஐந்தும் மயூர் விஹாரில் ஒரே ஆண்டுக்குள் வந்துவிடுகின்றன. விதிவிலக்கே விதியாகிவிட்ட ஊரில், எளிய பயன்பாட்டுக்கான கால அட்டவணையைக் காட்டி வண்டியை விற்பது நேர்மையான வணிகமாகாது.

இவை வெறும் ஊகமா என்று கேட்கலாம். ஃபோர்டின் ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் 2012 முதல் மூன்றாண்டு தொடர்ந்து ‘ஆண்டின் சிறந்த பன்னாட்டு எஞ்சின்’ விருதைப் பெற்றது. 2013இல் எக்கோஸ்போர்ட்டின் முன்மூடிக்குள் அமர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகிக் கப்பலேறியது. 2023 டிசம்பரில் அங்கே ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்கள் ஏறத்தாழ 1,40,000 திரும்ப அழைக்கப்பட்டன. காரணம், எஞ்சினுக்குள் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட். அதன் பற்கள் உதிரலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி முறியலாம். ஆயில் அழுத்தம் வீழ்ந்தால் ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போகலாம்.

ஐரோப்பாவில் ஸ்டெலாண்டிஸ் குழுமத்தின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சினில் ஆயிலுக்குள் மூழ்கி ஓடும் டைமிங் பெல்ட் நைந்து துகளாயிற்று. அத்துகள் ஆயில் வழியை அடைத்தது. உரிமையாளர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2024இல் அந்நிறுவனம் பத்தாண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர்வரை, முறையான பராமரிப்பு என்ற நிபந்தனையோடு, பொறுப்பேற்றது. விருது பெற்ற எஞ்சினும் பழுதாகும் என்பது இவற்றிலிருந்து பெறும் பாடமாயின் அது அற்பமானது. இவ்விரு நிகழ்விலும் உண்மை வெளிவந்தது எப்படி என்பதையே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் உரிமையாளர் அரசிடம் அளிக்கும் ஒவ்வொரு புகாரையும் எவரும் இணையத்தில் படிக்கலாம். ஐரோப்பாவில் உரிமையாளர்கள் திரண்டார்கள். எஞ்சினின் குறை பொதுவெளிக்கு வந்த பிறகே நிறுவனம் கையொப்பமிட்டது.

இந்தியாவில் நிலை என்ன? மூன்று எண்கள் அதைச் சொல்லிவிடும். பதிவுச் சான்று ஒரு தனியார் காருக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் கொண்டுவந்த 110அ பிரிவின்படி, 2021 ஏப்ரல் முதல் அரசு ஒரு வகை வண்டியைத் திரும்ப அழைக்க ஆணையிடலாம். ஆனால் அந்த விதி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். அதுவும் சுற்றுச்சூழலுக்கோ, பயணிகளுக்கோ, சாலையிலுள்ள பிறருக்கோ தீங்கு விளையக்கூடிய குறையாக இருக்க வேண்டும். நிறுவனங்களின் அடிப்படை உத்தரவாதமோ பெரும்பாலும் 3 ஆண்டு. நான்காம் ஆண்டில் டர்போ சத்தமின்றித் தேய்ந்து ஆயிலைக் குடிக்கத் தொடங்கினால், அது விபத்தை உண்டாக்காதவரை, சட்டத்தின் கண்ணுக்கு அது குறையே அன்று. மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே கிடக்கும் பன்னிரண்டு ஆண்டுகளை வண்டிக்காரர் தம் சொந்தச் செலவில் காத்துக்கொள்கிறார். அந்தப் பன்னிரண்டின் பிற்பகுதி, வண்டியை இரண்டாங்கையாக வாங்கும் எளியவரின் தலையில் இறங்குகிறது. முதல் உரிமையாளர் மயூர் விஹாரில் விற்றுவிட்டு நகர்ந்துவிடலாம். கடன் வாங்கி அதைக் கைமாற்றிக்கொண்டவர் எங்கே நகர்வார்?

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது மொழி. எஞ்சின் ‘போய்விட்டது’, பெல்ட் ‘அறுந்துவிட்டது’, டர்போ ‘பிடித்துவிட்டது’ என்றே எல்லாரும் சொல்கின்றனர். தன்வினையாக நிற்கும் இவ்வாக்கியங்களில் செய்தவர் என்று எவரும் இல்லை. சர்வீஸ் சென்டரின் அறிக்கை எழுதப்படும்போது மட்டும் திடீரென ஒரு செயல்முதல் தோன்றுகிறது: வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை, வாடிக்கையாளர் வேறு ஆயில் ஊற்றினார், வாடிக்கையாளர் ஓட்டிவந்தவுடன் எஞ்சினை அணைத்தார். பழுதுக்கு எழுவாய் கிடையாது, பழிக்கு உண்டு என்ற இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தாம் ‘நம்பகத்தன்மை’ என்பது எஞ்சினின் பண்பு என்று வாதிடுகிறார்கள். அது இரு தரப்புக்கு இடையிலான ஓர் உறவு. ஒரு தரப்பு மட்டும் நம்பிக்கொண்டே இருப்பதற்கு உறவு என்று பெயரில்லை.

மறுப்புகள் வரும். ஓட்டுநரின் அலட்சியம் உண்மையல்லவா? உண்மைதான். குறித்த தரமில்லாத ஆயிலை மலிவாக ஊற்றுவோரும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஒரு நிமிடமும் ஓடவிடாமல் அணைப்போரும் உண்டு. ஆனால் அந்தச் சிறு அலட்சியத்தையும் பொறுக்காத எஞ்சினைத் தேர்ந்தவர் ஓட்டுநர் அல்லர். பொறுமை குறைந்த பொருளை விற்பவர், அதன் பொறுமையின் எல்லையை உரக்கச் சொல்லக் கடமைப்பட்டவர். நீண்ட உத்தரவாதம் விலையை ஏற்றுமே என்பார்கள். எஞ்சின் தாங்கும் என்று நிறுவனம் உண்மையிலேயே நம்பினால் அச்செலவு சிறியதாகவே இருக்கும். செலவு பெரிதாகும் என்று அஞ்சினால், அந்த அச்சமே வாங்குவோர் அறிந்துகொள்ள வேண்டிய முதல் தகவல்.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. 18 விழுக்காட்டு வரிச்சலுகை பெறும் ஒவ்வொரு டர்போ எஞ்சினுக்கும், டர்போ, டைமிங் பெல்ட் அல்லது சங்கிலி, ஆயில் பம்ப் ஆகியவற்றுக்கேனும் பத்தாண்டு உத்தரவாதம் அச்சலுகையின் நிபந்தனையாக வேண்டும். தில்லி போன்ற நகரங்களில் ‘கடினமான பயன்பாடு’ அட்டவணையே இயல்பான அட்டவணை என அறிவிக்கப்பட வேண்டும். அதன் உண்மையான செலவு விற்பனையின்போதே எழுத்தில் தரப்பட வேண்டும். ஆயிலின் தரக்குறியீடு ஆயில் மூடியின்மேலேயே, தெருமுனை மெக்கானிக் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். பழுதுப் புகார்கள் எவரும் படிக்கும்படி, வண்டி வகைவாரியாக வெளியிடப்பட வேண்டும். ஏழாண்டு வரம்பும் பதினைந்தாக வேண்டும்.

எஞ்சினின் கொள்ளளவை மில்லிலிட்டர் கணக்கில் அளந்து வரி போடத் தெரிந்த அரசுக்கு, அதன் ஆயுளை ஆண்டுக் கணக்கில் அளந்து பொறுப்பு சுமத்தவும் தெரிய வேண்டும். அதுவரை மயூர் விஹாரின் வாகன நிறுத்தத்தில் இரவுதோறும் குளிர்ந்துகொண்டிருக்கும் அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் ஒவ்வொன்றின்மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடன்பத்திரம் ஒட்டியிருக்கும். அதில் கையெழுத்து நிறுவனத்துடையது. தவணை கட்டுவது மட்டும் வண்டிக்காரர்.