முதலாகுமோ? ஐம்பது இலட்சம் ரூபாய் ஆக்டேவியாவும் மூன்று வினைச்சொற்களும்

நூறு கார்கள், ஒன்றின் விலை 49.99 இலட்சம் ரூபாய். 2025 அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை முழுமையாகக் கட்டப்பட்ட நிலையில் இறக்குமதி செய்து இந்தியாவில் வெளியிட்ட கணக்கு இது. நூறும் முன்பதிவிலேயே தீர்ந்தன. தீர்ந்த மறுகணம் ஒரு வாதம் கிளம்பியது: "விற்றுத் தீர்ந்துவிட்டதே, ஆகவே கொடுத்த விலை தகும்." இந்த வாதம் பிழையானது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 43 இலட்சம் பயணியர் வாகனங்கள் விற்பனையாகும் நாட்டில் நூறு கார்கள் தீர்ந்தது, நூறு பேரிடம் பணமும் விருப்பமும் இருந்தன என்பதற்கு மட்டுமே சான்று.

திருவனந்தபுரத்துப் பேச்சு மலையாளத்தில் இத்தகைய வேளையில் எழும் கேள்வி "முதலாகுமோ?" என்பது. போட்ட பணம் முதலாக நிற்குமா என்று ஒரே சொல்லில் கேட்டுவிடும் வழக்கு அது. தமிழில் அதே கேள்வி மூன்றாகப் பிரியும்: கட்டுபடியாகுமா? தகுமா? பெறுமா? முதலாவது வாங்குபவரின் பையைப் பற்றியது. இரண்டாவது பொருளின் தகுதியைப் பற்றியது. மூன்றாவது சந்தை அதற்குத் தரும் பெறுமானத்தைப் பற்றியது. இந்தக் காரைப் பற்றிய சச்சரவு முழுவதும் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் விளைந்தது.

தகுமா என்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். "ஒரு ஸ்கோடாவுக்கா ஐம்பது இலட்சம்?" என்று நகைப்பவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, முகப்பில் ஒட்டிய இலச்சினையைப் பார்க்கிறார்கள். செக் மொழியில் 'ஸ்கோடா' என்னும் சொல்லுக்கு இழப்பு, 'ஐயோ பாவம்' என்ற பொருள்களும் உண்டு; நிறுவனப் பெயரோ ஒரு குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஒலியொப்புமையை வைத்துக் கேலி பேசலாம். பொறியியலை எடைபோட முடியாது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு படி இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, நிறுத்த நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6.4 விநாடி. இவற்றோடு ஒரு குடும்பத்தின் பயணப் பெட்டிகள் அனைத்தையும் விழுங்கும் 600 லிட்டர் பின்னறை. இதே எஞ்சின் குடும்பம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயிலும் ஆடி கார்களிலும் உழைக்கிறது. ஆடியில் இருந்தால் உயர்குலம், ஸ்கோடாவில் இருந்தால் தாழ்குலம் என்பது எந்திரவியல் அன்று. அதன் பெயர் வேறு. கார் தகும்.

ஆனால் கார் தகும் என்பதிலிருந்து விலை தகும் என்பது பெறப்படாது. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 விழுக்காடு. 49.99 இலட்சத்தில் அதன் பங்கு ஏறத்தாழ 14.3 இலட்சம். எஞ்சிய 35.7 இலட்சத்துக்குள் சுங்க வரி ஒளிந்திருக்கிறது. 40,000 டாலருக்கு உட்பட்ட இறக்குமதிக் கார்களுக்கான 70 விழுக்காட்டைக் கொண்டால், விற்பனையாளரின் பங்கைக் கழித்த பின்னும் அது 14 இலட்சத்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் கேரளத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிய கார்களுக்கான சாலைவரி 22 விழுக்காடு. அதாவது 11 இலட்சம். காப்பீடு சேராமலே வாங்குபவர் எடுத்துவைக்க வேண்டியது 61 இலட்சம். அதில் வரி மட்டும் 60 விழுக்காட்டுக்கு மேல். எஞ்சின், கப்பல் கூலி, தயாரிப்பாளர் இலாபம், விற்பனையாளர் இலாபம் எல்லாம் சேர்ந்து சுமார் 22 இலட்சம்.

"வரிதானே காரணம், நிறுவனம் என்ன செய்யும்?" என்று வினவுவோர் 2017ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு 230 குதிரைத்திறன் கொண்ட ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவில் 24.62 இலட்சத்துக்கு வெளிவந்தது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என எட்டு ஆண்டுகளுக்கு விலையை ஏற்றினாலும் இன்று அது 40 இலட்சத்தைத் தொடாது. அந்தக் கார் உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டது. 2020இல் வந்த 245 குதிரைத்திறன் வடிவம் முழுதாக இறக்குமதியாகி 35.99 இலட்சமானது. ஆண்டுக்கு 2,500 கார்கள் வரை உள்நாட்டு ஒப்புதல் சோதனையின்றிக் கொண்டுவரலாம் என்ற 2018ஆம் ஆண்டின் சலுகை, இறக்குமதியை எளிய வழியாக்கிவிட்டது. நூறு கார்களுக்காகத் தொழிற்சாலையில் ஒரு வரிசை அமைக்க இயலாது என்னும் விளக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் விலை உயர்ந்ததால் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்ததால் விலை உயர்கிறது என்ற சுழலை இயற்கைச் சீற்றம் போலப் பேசுவது நேர்மையன்று. 374 குதிரைத்திறன் கொண்ட பிஎம்டபிள்யூ எம்340ஐ சென்னையை அடுத்த ஆலையில் பூட்டப்படுகிறது. செய்ய இயலாதது எதுவும் இதில் இல்லை.

இனி, "வலிமை என்பது பாதுகாப்பு, முந்திச் செல்லும்போது உயிரைக் காப்பது முறுக்குவிசை" என்னும் வாதம். இது முற்றிலும் பொய்யன்று. எம்.சி. சாலையில் பேருந்தின் பின்னால் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சில விநாடிகளின் அருமை தெரியும். ஆனால் கேரளத்தின் 2023ஆம் ஆண்டு வேக வரம்பின்படி கார்களுக்கு எம்.சி. சாலையில் 90, நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் 100, நகருக்குள் 50. கழக்கூட்டம் மேம்பாலத்தில் இந்தக் கார் ஏழே விநாடிக்குள் சட்டத்தின் எல்லையைத் தொட்டுவிடும். அந்த எல்லைக்குள் முந்துவதற்கு, அதே நிறுவனம் சாக்கனில் உருவாக்கும் 150 குதிரைத்திறன் ஸ்லாவியாவே போதும். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற அந்தக் காரின் விலை 20 இலட்சத்துக்கும் கீழே. ஆர்எஸ்ஸின் டயர்ப் பக்கச்சுவரின் உயரம் 9 சென்டிமீட்டர், ஸ்லாவியாவுக்கு 11. ஆடி மாத மழைக்குப் பின் நகரச் சாலைகளில் எழும் குழிகளின் முன் அந்த இரண்டு சென்டிமீட்டரே பெரிய ஆடம்பரம்.

பெறுமா என்ற மூன்றாம் கேள்விக்கு "அரிய கார், மறுவிற்பனையில் விலை நிற்கும்" என்பது வழக்கமான விடை. அது நிற்கலாம். ஆனால் நிற்பது அடுத்து வாங்குபவரின் ஆசையால். அந்த ஆசையும் உதிரிபாகம் கிடைக்கும் காலம் வரைதான். பற்றாக்குறையைத் தரமென்று மயங்குவது இங்கேதான் தொடங்குகிறது.

இறுதியாக, பல்கலைக்கழக வளாகங்களில் இன்னொரு குரல் கேட்கும்: "கார் பற்றிய பேச்சு ஆய்வாளர்களுக்கு எதற்கு? அது செல்வர் விளையாட்டு." இந்த அலட்சியமும் ஒரு தப்பித்தல். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு மாதம் 42,000 என்று பெறும் ஓர் ஆய்வு மாணவரின் ஐந்தாண்டு உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி நீங்கலாக, 24 இலட்சம். ஒரே காருக்கான வரி அதைவிட 15 இலட்சம் கூடுதல். செல்வரிடம் வரி வாங்குவது நியாயம். அதைக் குறைக்கச் சொல்ல இங்கே முகாந்திரம் இல்லை. ஆனால் அந்த வரி சாலையாகவும், பேருந்தாகவும், உதவித்தொகையாகவும் திரும்பி வருகிறதா என்று கேட்பது ஆய்வாளரின் வேலைதான். விலையின் உட்கூறுகளை வாசிக்கத் தெரியாத சமூகம் விளம்பரத்தை மட்டுமே வாசிக்கும்.

ஆகவே தீர்ப்பு இது. கார் தகும், விலை தகாது. வாங்கியவர் தம் மகிழ்ச்சிக்காக வாங்கினேன் என்றால் அதில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை. மகிழ்ச்சிக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. ஆனால் "கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்" என்று பிறருக்குச் சான்றிதழ் வழங்க முன்வருபவர், அந்த ரூபாய்களில் எத்தனை காருக்குப் போயின என்பதை முதலில் சொல்லட்டும். முதலாகுமோ என்று கேட்டவருக்கு உரிய விடை அங்கிருந்துதான் தொடங்கும்.