பழைய கார் வாங்கியாச்சு... அடுத்து?

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நடப்பது பெரும்பாலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பக்கத்து வீட்டுக்கு இனிப்பும் கொடுத்தாகிவிடும். மறுநாள் கார் அலங்காரக் கடை. சீட் கவர், ஸ்டீயரிங் கவர், மியூசிக் சிஸ்டம், பின் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் என்று பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் அங்கே போய்விடும். மூன்றாவது வாரம் வண்டி நடுரோட்டில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும்போது, "ஏமாத்திட்டான்யா" என்று விற்றவருக்குத் திட்டு விழும்.

விற்றவர் ஏமாற்றியிருக்கலாம். ஏமாற்றாமலும் இருக்கலாம், அவருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கும். புதுக் காருக்கும் பழைய காருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தேய்மானம் அல்ல, விவரம். புதுக் காரில் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குகிறது. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது, அதன்படி போனால் போதும். பழைய காரில் அதே கையேடு கையில் இருந்தாலும் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தெரியாது. மீட்டர் 48,000 காட்டும். அதை எப்படி நம்புவது? டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைத்து வைப்பது அந்த வித்தை தெரிந்தவருக்குப் பெரிய வேலையே இல்லை. கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கிப் போயிருந்தால், மீட்டரைவிட அந்த ரப்பரை நம்புவதே புத்திசாலித்தனம்.

ஆகவே வாங்கிய நாளையே அந்தக் காரின் பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வழிதான் உண்டு. காலாகாலத்தில் மாற்ற வேண்டிய பொருட்களைச் சோதிக்காமலே மாற்றிவிட வேண்டும். ஆனால் கோளாறு என்று ஒன்று வந்தால், சோதிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான பட்டறைகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. "ஆயில் நல்லாத்தான் சார் இருக்கு, இன்னும் ரெண்டாயிரம் ஓடும்" என்று சொல்லும் அதே மெக்கானிக், வண்டி லேசாகத் திணறினால் "பெட்ரோல் பம்ப்பை மாத்திப் பாப்போம் சார்" என்பார். 'மாத்திப் பாப்போம்' என்ற இந்த ஒரு வார்த்தையால் நடுத்தரக் குடும்பங்கள் இழந்த பணத்துக்குக் கணக்கே கிடையாது!

முதலில் சோதிக்காமல் மாற்ற வேண்டியவை. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததே. யாரும் கண்டுகொள்ளாதது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரி மட்டுமே. கிரிவலப் பாதையில் மெதுவாக ஓட்டும் வரை இது ஒன்றும் தெரியாது. கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போதுதான் தெரியும். சூடேறி ஆயிலில் உள்ள ஈரம் ஆவியாகிவிட்டால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒரு சீட் கவர் வாங்கும் காசில் ஒரு சிறு பங்குதான் பிரேக் ஆயில் மாற்றுவதற்கு ஆகும்.

அடுத்தது டைமிங் பெல்ட். எல்லாக் காரிலும் இது இல்லை. ஆல்டோ 800-இன் 796 சிசி என்ஜினில் பெல்ட், ஆல்டோ கே10-இல் செயின். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. பெல்ட் உள்ள கார் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பல என்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், அதன் பிறகு ஆகும் செலவைக் கேட்டால் காரையே விற்றுவிடலாம் என்று தோன்றும்.

டயரையும் பார்க்க வேண்டும். நூல் போகாத டயர் நல்ல டயர் என்பது தவறான நம்பிக்கை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற காரின் டயர் பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

பெட்ரோல் வண்டி என்றால் எரிபொருள் குழாய்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. 2025 வாக்கில் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. 2023-க்கு முன் வந்த கார்கள் பலவும் அந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் குழாயில் கசிவோ வெடிப்போ இருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். மைலேஜ் கொஞ்சம் குறைந்தால் அதற்காகப் பதறி என்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு, அவ்வளவுதான்.

இனி கோளாறுகள். திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியர் 2010 மாடல் சான்ட்ரோ ஒன்றை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மே மாத மத்தியானம். காந்தி மார்க்கெட் நெரிசலில் வெப்பமானியின் முள் ஏறுகிறது. ஓரமாக நிறுத்தி ஆறவைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்" என்று பதில் வருகிறது. ஆசிரியருக்கு வயிற்றைக் கலக்குகிறது. சில ஆயிரம் என்று தொடங்கும் வேலை எங்கே போய் முடியும் என்று பிரித்தவருக்கே தெரியாது.

அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. முள் எப்போது ஏறுகிறது? நெரிசலில் ஏறி, தஞ்சாவூர் ரோட்டில் வேகமாகப் போகும்போது தானாக இறங்குகிறது என்றால், வேகத்தில் கிடைக்கும் காற்று நெரிசலில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதாவது ரேடியேட்டர் ஃபேனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா? இல்லையென்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா? அதே பெட்டியில் இருக்கும் அதே வகை ரிலே ஒன்றைக் கழற்றி மாற்றி மாட்டினால் சுற்றுகிறதா? பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறதா? இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். நூற்றைம்பது, இருநூறு ரூபாய் ரிலேயோடு முடியக்கூடிய விஷயம் இது. மாறாக, நெடுஞ்சாலையில்தான் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டரில் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு திசையில் தேட வேண்டும். கூலன்ட் தொட்டியில் ஓயாமல் குமிழி வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் பால் காப்பி நிறத்தில் நுரை இருக்கிறது, புகைக்குழாயில் விடாமல் வெள்ளைப் புகை என்றால் மட்டுமே ஹெட் கேஸ்கட் பற்றிப் பேச வேண்டும். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கையும் முகமும் வெந்துபோனவர்கள் உண்டு.)

தெர்மோஸ்டாட் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தெர்மோஸ்டாட்டின் வேலை என்ஜினைக் குளிர்விப்பது அல்ல, சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து வைப்பது. அது இல்லாத என்ஜின் சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும். இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். மைலேஜ் போச்சே என்று பிறகு அதற்கு ஒரு வைத்தியம் தேடுவார்கள்! கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவதும் இதே ரகம். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வாங்கிய பழைய காரின் ரேடியேட்டரில் துரு நிறத்தில் தண்ணீர் இருந்தால், முந்தைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே புது பேட்டரி வாங்கிவிடுவது இன்னொரு வழக்கம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், என்ஜின் ஓடும்போது சுமார் 13.8-இலிருந்து 14.5 வரை. ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம், புது பேட்டரியும் இரண்டே நாளில் படுத்துவிடும். இரண்டும் சரியாக இருந்து காலையில் மட்டும் இறங்கிப்போகிறது என்றால், நிறுத்திய காரில் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. பெரும்பாலும் அது முந்தைய சொந்தக்காரர் ஆசையாகப் பொருத்திய மியூசிக் சிஸ்டமாகவோ, வயரை வெட்டி ஒட்டிய சென்ட்ரல் லாக்காகவோ இருக்கும்.

2013 ஏப்ரலில் இருந்து வந்த கார்களில் கோளாறைப் படித்துச் சொல்லும் ஓபிடி 2 வசதி கட்டாயம். செல்போனோடு இணையும் சிறு கருவியை மாட்டினால் எண் வந்துவிடும். ஆனால் எண் சொல்வது அறிகுறியை மட்டுமே. பி0171 என்று வந்தால், என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம் என்று பொருள், 'ஆக்சிஜன் சென்சாரை மாற்று' என்று பொருள் அல்ல. வெடித்துப்போன ஒரு சின்ன வேக்கம் குழாய் வழியே காற்று நுழைந்தாலும் அதே எண்தான் வரும். இதில் விற்பவர்களின் தந்திரம் ஒன்றும் உண்டு. சாவியைத் திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் கார் ஆரோக்கியமாக இருக்கிறது என்று மகிழக் கூடாது, விளக்கை யாரோ பிடுங்கியிருக்கலாம்.

சென்னைப் பக்கம் வாங்கிய காருக்கு ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அவற்றில் எல்லாம் பழைய இரும்புக்குப் போகவில்லை, கழுவித் துடைத்து மெருகு போட்டு விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, வயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு. இப்படிப்பட்ட காரில் இன்று ஹாரன், நாளை பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏபிஎஸ் என்று கோளாறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, தெரிந்த அன்றே நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வயரிங்கை முழுவதும் பார்க்கச் சொல்வது மேல். அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்றால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கப் போராடலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மெக்கானிக்குகள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஒரு மணி நேரம் தேடி, கழன்றிருந்த வயரைக் கண்டுபிடித்துச் சரிசெய்த மெக்கானிக் 500 ரூபாய் கேட்டால், "ஒரு வயர் மாட்டினதுக்கு ஐநூறா?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் கார் சொந்தக்காரர்கள்தான். அவரே 4,000 ரூபாய்க்குப் புது பம்ப் மாட்டி 800 ரூபாய் கூலி கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் காசு, மூளைக்குக் காசு இல்லை! இப்படி இருந்தால் எந்தப் பட்டறையில் நிதானமாகத் தேடுவார்கள்? புதிதாகப் பழைய கார் வாங்கியவர் முதல் நாளே, "என்ன கோளாறுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே, அதுக்குத் தனியா காசு கொடுத்துடறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வதும் நல்ல பழக்கம்.

டேஷ்போர்டுக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்துக்கொண்டால் போதும். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், விலை. கோளாறு வந்தபோது காலையா மாலையா, ஏசி ஓடியதா, மேட்டில் ஏறும்போதா என்றும் ஒரு வரி. மூன்று நான்கு வருடம் கழித்து அந்தக் கார் இன்னொருவர் கைக்குப் போகும்போது, ஆர்சி புத்தகத்தோடு அந்த நோட்டையும் கொடுத்துவிடலாம்.