பொம்மை வீடு கட்டுவதும் படிப்புதான்

“படிப்பு வராதவன்தான் கைவேலைக்குப் போவான்.” நம் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத் தொழிற்கல்லூரி, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் அல்லது படிவம் 6 என்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கோட்டை நான் ஏற்பதில்லை. கடந்த பள்ளி விடுமுறையில் புக்கிட் ரம்பாயில் ஒரு மரப் பொம்மை வீட்டைக் கட்டி முடித்த பிறகு, என் மறுப்பு இன்னும் வலுவாகிவிட்டது.

சித்தியின் கடைசி மகளுக்கு ஆறு வயது. அவளுக்காக இணையத்தில் வாங்கிய தொகுப்பு அது. 3 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளில் லேசரால் வெட்டிய துண்டுகள், இரண்டு மாடி, புகைபோக்கிகூட உண்டு. (புக்கிட் ரம்பாய் வெயிலில் குளிர்காய யாருக்கு ஆசை? அந்தத் துண்டை அறுத்து வாசலில் அஞ்சடி வைத்துவிட்டோம்.) எனக்குக் கூட வேலை பார்த்தவன் அவளுடைய அண்ணன், படிவம் 3 மாணவன். நான் பொலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் படிக்கிறேன். ஆனால் அந்த நான்கு நாளில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்பதைச் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

விளக்கத்தாளில் படம்தான் அதிகம், எழுத்து குறைவு. துண்டுகளைப் பலகையிலிருந்து பெயர்ப்பதற்கு முன்பே பென்சிலால் எண் போட வேண்டும். பெயர்த்த பிறகு எது இடச்சுவர், எது வலச்சுவர் என்று தேடினால் பொழுது போய்விடும். அடுத்து, பசை தொடாமல் மாஸ்கிங் டேப்பால் முழு வீட்டையும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாத நாக்குகளைத் தட்டி நுழைக்கக் கூடாது, மணல்தாளால் தேய்க்க வேண்டும். லேசர் கருக்கிய விளிம்பையும் இலேசாகத் தேய்த்துவிட்டால் நல்லது, ஏனென்றால் கரிமேல் பசை சரியாகப் பிடிக்காது.

பசை என்றதும் பலரும் குளூ கன்னைத்தான் எடுக்கிறார்கள். அது சீக்கிரம் இறுகும், சீக்கிரம் உரிந்தும் வரும். சூப்பர் குளூ இறுகிய பின் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் வெள்ளை மரப்பசையே இதற்குப் போதும். மெல்லப் பூசி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். கிளாம்ப் இல்லாத இடத்தில் துணிக் கிளிப் மாட்டினோம். இறுகுவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தான் தம்பி. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அது செவ்வகம். கணிதப் புத்தகத்தில் இருந்த வரி, அன்று அவன் கையில் அளவுநாடாவாக இருந்தது.

இந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கே செய்யப்படுகின்றன. ஆறு வயதுக் குழந்தை அதன்மேல் முழங்கையை ஊன்றுவாள், இழுத்துக்கொண்டும் ஓடுவாள். முன்புறமும் பின்புறமும் திறந்திருக்கும் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் இணைகரமாகச் சாயும். பின்பக்கம் முழுப் பலகை ஒன்றை ஒட்டியதும் அந்தச் சாய்வு நின்றது. உள்மூலைகளில் சதுரக் குச்சிகளை ஒட்டினோம். அடியில் தடித்த பலகை ஒன்று.

மேல்மாடித் தளம்தான் தொய்ந்தது. அதன் அடியில் கொடுக்க 10 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டைக்குச்சி இருந்தது. படுக்க வைத்து ஒட்டலாமே என்றேன். தம்பி அதைக் கையில் வளைத்துப் பார்த்துவிட்டு, “நிறுத்தி வைங்கக்கா, வளையாது” என்றான். குச்சியின் விறைப்பு அகலத்தோடு நேராகவும் உயரத்தின் மும்மடியோடும் கூடும். படுக்க வைத்தால் 10 பெருக்கல் 27, அதாவது 270. நிறுத்தினால் 3 பெருக்கல் 1000, அதாவது 3000. ஏறக்குறைய 11 மடங்கு! இந்தச் சூத்திரத்தை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். அவன் சூத்திரம் தெரியாமலே விரலால் கண்டுபிடித்தான். இவனைத்தான் “படிப்பு வராதவன்” என்கிறார்கள்.

பொம்மை வீடு சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. தமிழில் இதற்குப் பழைய பெயரே உண்டு: சிற்றில். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்காதே என்று குழந்தைத் தலைவனிடம் கேட்பது ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று. இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1921 முதல் 1924 வரை செய்யப்பட்ட பொம்மை வீட்டை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், புதுடில்லியை வடிவமைத்தவர்களில் ஒருவர். 12இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அந்த வீட்டில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அம்மையார் 1940களில் அதே அளவில் குற்றச் சம்பவ இடங்களைப் பொம்மை அறைகளாகச் செய்து, காவல்துறையினருக்குத் துப்பறியும் பயிற்சி கொடுக்க உதவினார். நம் மலாக்காவின் பழைய மலாய் மரவீடுகள் ஆணியை நம்பாமல் பொருத்தும் ஆப்புமாக எழுந்தவை. கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம். எங்கள் பொம்மை வீட்டின் நாக்கும் துளையும் அதே யோசனைதான்.

தம்பிக்குப் படிவம் 4இல் தொழிற்கல்லூரிக்குப் போக ஆசை. இரண்டு ஆண்டில் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ், மேலும் இரண்டு ஆண்டில் டிப்ளோமா என்று அவனே விசாரித்து வைத்திருக்கிறான். சித்தப்பா சம்மதிக்கவில்லை. அவர் இங்குள்ள தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுபவர். “நான் நின்னு பட்ட பாடு என்னோட போகட்டும்” என்கிறார். அவர் காலில் புடைத்திருக்கும் நரம்பைப் பார்த்தவர் யாரும் அந்தப் பேச்சை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை.

ஆனால் பொத்தானை அழுத்தி எட்டு மணி நேரம் நிற்பவரும், அந்த மெஷின் ஏன் நின்றது என்று பார்த்துச் சரிசெய்பவரும் ஒரே வேலையா செய்கிறார்கள்? சித்தப்பாவின் தொழிற்சாலையிலேயே இருவரும் இருக்கிறார்கள். மகன் எந்த இடத்தில் நிற்பான் என்பதை அவன் படிக்கும் துறையும் பயிற்சியும் தீர்மானிக்கும். எல்லாத் தொழிற்படிப்பும் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். பட்டறையில் உண்மையிலேயே கருவி இருக்கிறதா, டிப்ளோமாவுக்குப் பிறகு மேலே படிக்க வழி இருக்கிறதா, முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பெற்றோர் நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் அது முடிவு. கேட்காமலே வேண்டாம் என்பது வெறும் கௌரவம்.

மாணவர்களுக்கும் ஒன்று. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தின் செய்முறை வேலையை அண்ணனையோ கடைக்காரரையோ செய்யச் சொல்லி எடுத்துப் போவதை நிறுத்துங்கள். முழுத் தொகுப்பு வாங்கப் பணம் இல்லையென்றால் தளவாடம் செய்யும் கடையில் பிளைவுட் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். ஓர் அறை மட்டும் கட்டிப் பாருங்கள், போதும். வண்ணம் அடிக்கும்போது பலகையின் இரண்டு பக்கமும் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நம் ஊர் ஈரக்காற்றில் அது வளைந்துவிடும்.