விடுமுறை யாருக்கு?

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது என்று தீர்மானம் ஆனவுடனே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்குப்பிள்ளை பிறந்துவிடுகிறார். பெரும்பாலும் அவர் குடும்பத் தலைவர்தான். ஆபீசில் பதினோரு மாதம் கட்டம் போட்டு எழுதிய கை, பன்னிரண்டாவது மாதத்துக்கும் கட்டம் போடுகிறது. எந்த ஊர், எத்தனை நாள், என்ன செலவு, எதைப் பார்த்தாயிற்று, எது பாக்கி! இந்தக் கட்டங்களில் ஒன்றில்கூட “ஓய்வு” என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. ஓய்வெடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் அதில் இருப்பதில்லை. உல்லாசப் பிரயாணம் என்று நாம் சொல்லிக்கொள்ளுவது பெரும்பாலும் வீட்டு வேலையை ரெயிலேற்றி வேறோர் ஊரில் இறக்கிவைக்கும் காரியம்தான் என்பது என் கட்சி. இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்குத் தயார்.

பாரிஸில் குடியிருக்கும் புதுச்சேரி நண்பர் ஒருவர் தம் திட்டத்தை என்னிடம் காட்டினார். ஆகஸ்டு மாதம், தாய் தந்தையர், மனைவி, இரண்டு குழந்தைகள், தென் பிரான்ஸில் மத்தியதரைக் கடலோரம், நீஸ் நகரத்தில் எட்டு நாளைக்கு வாடகை வீடு. ஒரு நாள் கான், ஒரு நாள் மொனாக்கோ, ஒரு நாள் வாசனைத் தைலத்துக்குப் பேர்போன கிராஸ், ஒரு நாள் சென் திரோபே. கட்டங்கள் கச்சிதமாக இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏங்க, அந்த வீட்டிலே அடுப்பு இருக்கா?” நண்பர் பெருமையோடு சொன்னார்: “நாலு அடுப்பு இருக்கு. பாத்திரம் கழுவுற மெஷின்கூட இருக்கு!”

அந்த அம்மாள் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவருக்குத் தம் விடுமுறை எப்படி இருக்கும் என்று தெரிந்துபோயிற்று.

நண்பர் கெட்டவரல்லர். மனைவிக்கு வசதி செய்து கொடுத்ததாகவே மனப்பூர்வமாக நம்புகிறார். அதனால்தான் அவரோடு வாதாட வேண்டியிருக்கிறது. கெட்டவர்களோடு வாதாடி என்ன பயன்?

முதலில் இந்த ஆகஸ்டு மாதத்தை எடுத்துக்கொள்ளுவோம். “அந்தக் கடற்கரைக்குக் கோடையில்தான் போக வேண்டும்” என்று சொல்லுகிறவர்கள் அதை ஏதோ இயற்கையின் நியதி போலச் சொல்லுகிறார்கள். சரித்திரம் நேர்மாறாக இருக்கிறது. நீஸ் நகரம் குளிர்கால வாசஸ்தலமாகத்தான் வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பனிக்கும் மூடுபனிக்கும் அஞ்சிய ஆங்கிலேயச் சீமான்களும் நோயாளிகளும் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்தார்கள். 1820-களில் அங்கே குளிர்காலம் கடுமையாகிப் பிழைப்பிழந்தவர்கள் நகரத்தில் வந்து குவிந்தபோது, லூயிஸ் வே என்ற பாதிரியாரும் மற்ற ஆங்கிலேயரும் பணம் திரட்டி அவர்களுக்கு வேலை கொடுத்துக் கடலோரமாக ஒரு பாதை போட்டார்கள். இன்று உலகமெல்லாம் படம் பிடித்துக்கொள்ளும் “ஆங்கிலேயர் உலாவிடம்” அப்படிப் பிறந்ததுதான். 1864-ல் ரெயில் வந்தது. 1887-ல் ஸ்டீபன் லியேஜார் என்பவர் தம் புத்தகத்துக்கு வைத்த தலைப்பிலிருந்துதான் அந்தக் கரைக்கு “நீலக்கரை” என்ற பெயரே வந்தது. கோடை வந்தால் ஓட்டல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கதை படிக்கிற நேயர்களுக்கு இன்னொரு சாட்சி சொல்லுகிறேன். அன்டன் செகாவ் நெஞ்சு நோயோடு 1897–98 குளிர்காலத்தை நீஸில்தான் கழித்தார். 1900 டிசம்பரில் மறுபடி வந்தபோது “மூன்று சகோதரிகள்” நாடகத்தை அங்கே உட்கார்ந்து திருத்தி எழுதினார். அவர் போனது இளம் வெயிலுக்காக. உடம்பைக் கருக்கிக்கொள்ள அல்ல.

பிறகு எப்படி இந்தக் கோடை வந்தது? 1923-ல் ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி ஆந்தீப் முனையிலிருந்த ஓட்டலைக் கோடையிலும் திறந்துவைக்கும்படி செய்தார்கள். அவர்களுடைய சிநேகிதர்கள் எழுத்தாளர்கள், ஓவியர்கள். வெயிலில் கருத்த தோல் நாகரிகமாயிற்று. ஆக, நண்பர் இயற்கையின் நியதி என்று நினைப்பது சுமார் நூறு வருஷத்து நாகரிகம். அந்த நாகரிகத்துக்காக அவர் தம் வயோதிகத் தாய் தந்தையரை ஆகஸ்டு வெயிலில் கூட்டிக்கொண்டு அலையப்போகிறார். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அதற்குப் பிறகு ஐரோப்பியக் கோடைகள் தணியவில்லை, இன்னும் கடுமையாகத்தான் ஆகிக்கொண்டிருக்கின்றன. “எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தவர்கள் நாங்கள்” என்ற வீம்பு மூன்றாவது மாடி வாடகை வீட்டில் செல்லாது.

“குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாட்டுப் பள்ளிகளே அதற்குப் பதில் வைத்திருக்கின்றன. கோடை லீவைத் தவிர அக்டோபர் கடைசியிலும், கிறிஸ்துமஸிலும், பிப்ரவரி வாக்கிலும், வசந்தத்திலும் இரண்டிரண்டு வாரம் லீவு உண்டு. பிப்ரவரியில் நீஸில் கார்னிவல் நடக்கிறது; பக்கத்து மாந்தோனில் எலுமிச்சையும் ஆரஞ்சுமாக அலங்கரித்து ஒரு திருவிழாவே எடுக்கிறார்கள். அக்டோபரில் கடல் கோடையின் சூட்டை முழுவதும் இழந்திருக்காது. ஆனால் அந்தப் பருவத்தில் பெருமழை கொட்டுவதும் உண்டு. 2015 அக்டோபர் 3-ம் தேதி இரவு கானிலும் சுற்றுப்புறத்திலும் வந்த வெள்ளம் 20 பேரைக் கொண்டுபோயிற்று. ஆகையால் என் ஓட்டு ஏப்ரல் மாதத்துக்கு. தண்ணீர் குளிரும், ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் நீஸின் கரை மணற்கரை அல்ல, முழுவதும் கூழாங்கல். குழந்தைகளுக்குக் கல் பொறுக்கவும், கல்லைத் தூக்கிக் கடலில் எறியவும் எந்த மாதமானால் என்ன?

அடுத்தது, எட்டு நாளில் ஐந்து ஊர் என்ற பேராசை. நீஸிலிருந்து கிழக்கே இத்தாலிய எல்லை வரை கடலை ஒட்டியே ரெயில் போகிறது. வில்ஃபிராஞ்ஷ், மொனாக்கோ, மாந்தோன் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பாட்டியை ஜன்னலோரத்தில் உட்காரவைத்தால் ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் தாமாகவே வந்து தரிசனம் கொடுக்கும். சென் திரோபேக்கு ரெயிலே கிடையாது. ஆகஸ்டில் அங்கே போகிற சாலையில் கார்கள் எறும்புச் சாரையாய் நிற்கும். அப்படிப் போய் அங்கே பார்ப்பது என்ன? பிறர் வீட்டுப் பணக்காரர்களின் படகுகளை! பின்சீட்டில் பசித்து அழுகிற குழந்தைக்குத் தேங்காய் சாதம் எடுத்துக் கொடுப்பது யார்? அந்தச் சாதத்தைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து கிளறியது யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரையில் குடைக்கும் மெத்தைக்கும் பணம் கட்டுவதற்கு நண்பர் தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார். கடன் வாங்கியாவது கட்ட வேண்டிய தொகை என்பதுபோல அது சிவப்பு மையில் இருந்தது. பிரான்ஸில் கடற்கரை பொதுச்சொத்து. பதினான்காம் லூயி காலத்தில், 1681-ல் பிறந்த கடற் சட்டமே கரையைத் தனியார் கைக்கு விடவில்லை. 1986-ம் வருஷத்துச் சட்டம் பொது மக்கள் தாராளமாக, இலவசமாகக் கரைக்குப் போகலாம் என்பதை எழுத்திலேயே உறுதிசெய்தது. 2015-ல் சவுதி மன்னர் வல்லோரியில் தம் மாளிகையில் தங்க வந்தபோது, அதன் அடியிலிருந்த பொதுக் கடற்கரையை அதிகாரிகள் மூடினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மன்னருக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஜனங்கள் போராடிய கரையில், ஒரு துண்டை விரித்து உட்கார நமக்கு மட்டும் ஏன் வெட்கம்? மெத்தைக்கு வைத்த பணத்தைச் சாப்பாட்டுக்கு வைக்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் சாமானிய மனிதன் கால் வைத்தது எப்படி? 1936 மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசாங்கம் அந்த ஜூனில் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. லியோ லக்ராஞ்ஜ் என்ற இளம் மந்திரி விடுமுறைக்காரர்களுக்கு ரெயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். பிறந்தது முதல் கடலையே பார்த்திராத லட்சக்கணக்கான பேர் அந்தக் கோடையில் வண்டி ஏறினார்கள். பிறகு 1956-ல் மூன்று வாரம், 1969-ல் நான்கு, 1982-ல் ஐந்து என்று அது வளர்ந்தது. நண்பர் இன்று அனுபவிக்கும் ஐந்து வாரம் யாரோ பசியோடு உட்கார்ந்து போராடி வாங்கியது. இதை அவர் நன்றாக அறிவார், மேடையில்கூடப் பேசுவார்.

ஆனால் அந்தச் சட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் விடுமுறை. சம்பளமே இல்லாமல் வீட்டில் வேலை செய்கிறவளுக்கு எந்தச் சட்டம் விடுமுறை கொடுத்தது? ஐரீன் ஜோலியோ-கியூரி உட்பட மூன்று பெண்களைத் துணை மந்திரிகளாக வைத்திருந்த அரசாங்கம் அது. அப்போது அந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. அது 1944-ல்தான் வந்தது. ஓட்டுரிமை வந்த பிறகும், ஐந்து வாரம் வந்த பிறகும், அடுப்படிக்கு ஒரு நாள் லீவு என்று எந்தப் பார்லிமென்டும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. அந்தச் சட்டத்தை எழுத வேண்டிய பார்லிமென்டு குடும்பம்தான். அது கூடும் நாள் இந்தத் திட்டம் போடும் நாள். அன்றைக்கு நண்பர் நாலு அடுப்பைப் பற்றிப் பெருமை பேசிவிட்டுச் சபையைக் கலைத்துவிட்டார்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். “அவளுக்குச் சமைப்பது இஷ்டம், வெளிச் சாப்பாடு பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, நாங்கள் சைவம், எட்டு நாளும் ஓட்டலில் சாப்பிட நாங்கள் என்ன ஜமீன்தாரா?” ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இஷ்டம் என்றால், ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லவும் இஷ்டம் இருக்க வேண்டும். சொல்ல முடியாதது இஷ்டம் ஆகாது. பழக்கம், அல்லது பயம்.

சைவத்துக்கும் பெரியவர்களுக்கும் நீஸ் அப்படியொன்றும் வறண்ட ஊரல்ல. பழைய நகரத்துச் சந்துகளில் “சொக்கா” என்று ஒன்று விற்கிறார்கள். கடலை மாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் உப்புப் போட்டுக் கரைத்து, அகலமான செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் வேகவைத்து, மேலே மிளகுத் தூளைத் தூவிச் சுடச் சுடத் தருவார்கள். நம் வீட்டுக் கடலைமாவு தோசைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. பாட்டி சாப்பிட்டால் நிச்சயம் செய்முறை கேட்பாள். கூர் சலேயா சந்தையில் திங்கட்கிழமை தவிர மற்ற நாள் காலையில் பழமும் காயும் பூவும் குவிந்துகிடக்கும். ரொட்டி, பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி. ஒரு வேளை இப்படிக் கழிந்தால் யாரும் மெலிந்துபோக மாட்டார்கள். மெத்தை வாடகையும் சென் திரோபே பெட்ரோலும் மிச்சமானால், சில வேளை உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கும் பணம் கட்டுப்படியாகும்.

சோறு வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆபீசில் நாற்பது பேரை வேலை வாங்குகிற நண்பருக்கு ஒரு குக்கரை வேலை வாங்கத் தெரியாதா? இரண்டு குழந்தைகளில் மூத்தவனுக்குத் தட்டுக் கழுவினால் கை தேய்ந்துவிடுமா? தாத்தா காய் நறுக்கட்டுமே. பெரிய மனுஷர் தோரணை ரெயிலேறும்போதே இறங்கிப்போகட்டும்.

“இதெல்லாம் சின்ன விஷயம், இதற்கு இத்தனை ஆவேசமா?” என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வருஷம் முழுவதும் ஒரு மனுஷி தன் களைப்பை வெளியே சொல்லாமல் இருப்பது, எட்டு நாள் கடல் வரப்போகிறது என்ற நம்பிக்கையில். அந்தக் கடலையும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்றால், அடுத்த வருஷம் அவள் எதை நம்பி உழைப்பாள்? கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை. “எங்கே போனாலும் நமக்கு இதுதான்” என்று அவள் மனம் மரத்துப்போகிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வீட்டில் வளரும் பெண் குழந்தையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆகவே பிரயாணத் திட்டம் போடும் குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்லுவது இது. காகிதத்தையும் பேனாவையும் முதலில் வீட்டுக்காரி கையில் கொடுங்கள். எந்த ஊர், எந்த மாதம் என்பதை அவள் எழுதட்டும். எந்தெந்த வேளை அடுப்பு மூட்டுவதில்லை என்பதையும் அவளே எழுதட்டும். “எங்கும் போகாமல் ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும்” என்று அவள் எழுதினால் அதை அடிக்காதீர்கள். ஊர்ப் பட்டியலை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இடம் போதவில்லையென்றால் மொனாக்கோவை விட்டுவிடுங்கள்.