தொலைந்த குழலும் தெரிந்தெடுத்த குழலும்

குழல் ஒன்று தொலைந்தது. ஒரு பண்டிதன் தன் மூங்கிற் குழலைத் தொலைத்தமை பத்திரிகையில் எழுதத்தக்க செய்தியோ என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். தொலைத்த கதையைச் சுருங்கச் சொல்லி, அதற்கீடாக வேறொன்று தெரிந்தெடுக்கப் புகுந்த கதையையே ஈண்டு விரித்துரைக்க எண்ணுகின்றேன்.

அக்குழல் 1988 ஆம் ஆண்டில் என் இசையாசிரியர் எனக்குத் தந்தது. ஐந்து கட்டைச் சுருதி. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையில் நனைந்த என் பையினுள்ளே மூன்று பொருள்கள் இருந்தன: சான்றிதழ்கள், அடியார்க்குநல்லார் உரையோடு கூடிய சிலப்பதிகாரம், இக்குழல். நாவற்குழிப் பாலத்தண்டை அடி பெயர்க்க இயலாமற் பல மணி நேரம் நின்றோம். குழலை அன்றும் தொலைக்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து கூரை இழந்த வீட்டைப் பார்த்தபோதும் அது கையில் இருந்தது. அத்தகைய குழலை 2024 ஆவணியில், யாதோர் இடரும் இல்லாத ஒரு காலைப்பொழுதில், கொழும்பிலிருந்து வந்த பேருந்தின் மேற்றட்டில் மறந்துவிட்டு இறங்கினேன். மறதி என்னுடையது, பிறரைக் குறைகூற இடமில்லை. மூன்று நாள் விசாரித்தும் கிடைத்திலது.

நண்பர்கள் அறிவுரை வழங்க முன்வந்தனர். சங்கீத ஆசிரியர் ஒருவர், "ஐயா, இனி மூங்கில் வேண்டாம், பிளாஸ்ரிக் குழாயிற் செய்த குழல் வாங்குங்கள், வெடியாது, கோணாது" என்றார். மற்றொருவர் கருங்காலியே நின்று நிலைக்கும் என்றார். யானோ, பண்டிதர்க்கு இயல்பாகிய வழியிலே, ஏட்டைத் திறந்தேன்.

அரங்கேற்று காதையில் குழலோன் இலக்கணம் கூறுமிடத்து, குழல் செய்தற்குரியனவாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினை அடியார்க்குநல்லார் எடுத்தோதுகின்றார். நீளம் இருபது விரல். தூம்புமுகத்தில் இரண்டு விரல் நீக்கி முதல்வாய். அதற்கப்பால் ஏழு விரல் விட்டு, மற்றை முனையிலும் இரண்டு விரல் நீக்கி, நடுநின்ற ஒன்பது விரலில் எட்டுத் துளைகள். எட்டனுள் ஒன்று முத்திரை எனப்படும். எஞ்சிய ஏழின்மேல் இடக்கை விரல் மூன்றும் வலக்கை விரல் நான்கும் செல்லும். இற்றைநாட் கச்சேரிக் குழலிலும் வாய்த்துளை நீங்கலாக எட்டே துளைகள். கடைத்துளை பெரும்பாலும் விரல்படாமலே கிடக்கும். உரையாசிரியர் நம் கடைக்கு வந்தால், தாம் எழுதிய பொருளை அடையாளங் காண்பார் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அவ்வுரையில் ஓரிடம் என்னை நெடுங்காலம் மயக்கியதுண்டு. மூங்கிலை உத்தமம் என வைக்கின்றார். மரத்தை அதமம் என்கின்றார். உடனேயே மூங்கில் பொழுதுக்கேற்ப வேறுபடும் என்றும், மரம் எக்காலும் ஒத்து நிற்கும் என்றும் கூறுகின்றார். மாறுவது உத்தமமாய், மாறாதது அதமமாய்ப் போவது யாங்ஙனம்? மாணாக்கர் இவ்வினாவை எழுப்புவர். "மூங்கிலின் ஓசை இனிது" என்று சொல்லி நானும் பல்லாண்டு அவர்கள் வாயை அடைத்ததுண்டு.

அவ்விடை அத்துணை உறுதியானதன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 1971 இல் ஜோன் கோல்ற்மன் என்னும் அமெரிக்கர், உள்ளளவு ஒத்த குழல்களை வெள்ளியிலும் செம்பிலும் மரத்திலும் செய்வித்து, மறைவிலிருந்து ஊதச்செய்து ஆராய்ந்தார். கேட்டோராற் பிரித்தறிய இயலவில்லை. ஊதினோர்க்கும் பொருள் இன்னதெனத் தெரியவில்லை. குழலில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று. துளையின் அகலமும் விளிம்பும் உட்கூட்டின் வடிவுமே ஓசையை ஆக்குகின்றன. பொழுதால் வேறுபடுதலும் மூங்கிலுக்கு மட்டும் உரியதன்று: காற்றின் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 மீற்றர் கூடும்; சுருதியும் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். வெண்கலத்துள் நிற்பதும் அதே காற்றன்றோ? மூங்கில் ஈரத்தை உண்டு விம்முதலும் வறட்சியில் வெடித்தலும் அதன் தனிக்குறைகள்.

இவ்வளவு கல்வியையும் சுமந்துகொண்டு யாழ்ப்பாண நகரில் இசைக்கருவிக் கடையொன்றுக்குச் சென்றேன். குழல் பயிலும் என் மாணவி ஒருத்தியும் உடன் வந்தாள். கடைக்காரர் ஐந்து கட்டைக் குழல்கள் பதினொன்றைப் பாயில் பரப்பினார். பனைநாட்டவராகிய நமக்கு மூங்கில் அயலூர்ச் சரக்கே. அனைத்தும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. வெடிப்பு உண்டோ என்று வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். வாய்த்துளையின் விளிம்பை விரல்நுனியால் தடவினேன். சூட்டுக்கோலாற் சுட்ட துளையின் கருமை சிலவற்றில் இன்னும் கையில் ஒட்டியது. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் தீக்கடைகோலாற் குழல் துளைத்த செய்தி நினைவில் வந்தது. பின்பு ஒவ்வொன்றாய் ஊதினேன்.

ஒன்றேனும் தேறவில்லை. இடக்கை விரல் மூன்றையும் மூடி, வலக்கை முதல் விரலை எடுக்கும்போது பிறக்கும் நிடாதம் பதினொன்றிலும் சற்றே தாழ்ந்தொலித்தது. "ஒரே கை பிழையாகத் துளைத்திருக்கின்றது" என்று கடைக்காரரிடம் சிறிது கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மற்றவற்றைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

"ஐயா, ஒருக்கால் நான் வாசிச்சுப் பார்க்கட்டோ?" என்றாள் மாணவி. யான் ஏழாவதாகத் தள்ளிய குழலை எடுத்து வாசித்தாள். நிடாதம் நேராக நின்றது. கைத்தொலைபேசியிற் சுருதிகாட்டும் கருவியைத் திறந்து முன்னே வைத்தாள், முள் அசையவில்லை. குழலை வாங்கி நான் ஊதினேன். முள் இடப்புறம் சாய்ந்தது. அவள் சிறிதுநேரம் என் கையையே நோக்கியிருந்து, தயங்கித் தயங்கி, "ஐயா, உங்கட விரல் துளைக்கு மேலயே நிக்குது" என்றாள்.

அப்போதுதான் விளங்கிற்று. என் பழைய குழலில் அத்துளை சிறிது அகன்றது. சுரம் ஏறி ஒலிக்கும். அதனை என் ஆசிரியர் முதல்நாளே சொல்லி, விரலை முற்றிலும் தூக்காமல் துளையோரத்திற் சாய்த்து நிழலிடப் பழக்கினார். ஓரிரு மாதத்தில் அதனை மறந்துபோனேன்; விரல் மறக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டாக ஒரு குழலின் குறையை ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டு, அதனைக் குறையற்ற குழல் என்று போற்றி வந்திருக்கின்றேன். குறையில்லாக் குழல் கைக்கு வந்தபோது என் திருத்தமே அதற்குப் பிழையாயிற்று. வகுப்பில் முப்பது விடைத்தாளிலும் ஒரே வழு காணப்படின் ஆசிரியன் தன் பாடக்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்று புதிய ஆசிரியர்களுக்குச் சொல்பவன் நான். பதினொரு குழல்களிடத்து அவ்விதி எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, பழகிய குழலை இழந்தவர் புதியதொன்றைத் தாமே ஊதித் தெரிந்தெடுத்தல் கூடாது என்பது என் கருத்து. பிறரைக்கொண்டு ஊதுவித்துக் கேட்டே கொள்ளவேண்டும். பழகிய கை நல்ல சான்றன்று. பிளாஸ்ரிக் குழலைப் பரிந்துரைத்த நண்பரோடும் எனக்குப் பகையில்லை. தொடக்க மாணவர்க்கு அதுவே தக்கது. ஒரே அச்சில் இருபது பேருக்கும் கிடைக்கும், விலையும் குறைவு, ஒருவர் குழலை மற்றொருவர் வாங்கி ஊதலாம். ஆனால் மூங்கிலின் உட்கூடு இயற்கை தந்தது. இரண்டு மூங்கில் ஒத்திரா. செய்வோன் ஒவ்வொன்றுக்கும் துளையை மாற்றி இடவேண்டும். ஊதுவோன் ஒவ்வொன்றுக்கும் விரலை மாற்றி வைக்கவேண்டும். மாறுவதை உத்தமம் என்று அடியார்க்குநல்லார் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று இப்போது மாணாக்கருக்குச் சொல்கின்றேன். உரையில் அவ்வாறு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன்.

ஏழாவது குழலையே வாங்கினேன். கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். "பறவாயில்லை ஐயா" என்று கடதாசியிற் சுற்றித் தந்தார். மாலையில் அரைமணி நேரம், அந்த ஒரு விரலை நேரே தூக்குதற்கு மட்டும் பயில்கின்றேன். மெல்ல ஊதும்போது நிற்கின்றது. கீர்த்தனையில் மனம் தோய்ந்தால் மீண்டும் சாய்ந்துவிடுகின்றது. அருகிலிருந்து கேட்கும் மாணவி ஒன்றும் சொல்வதில்லை, இருமுவாள்.

பழைய குழலைக் கண்டெடுத்தவர் யாராயினும் அதனைத் திருப்பித் தருமாறு கேட்கவில்லை. ஊதுவாராயின் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளட்டும்: வலக்கை முதல் விரலை முழுதும் எடுக்கலாகாது, துளையின் ஓரத்திற் சிறிது சாய்த்து வைக்கவேண்டும்.