மூக்கு மறந்த நெடி

சமீபத்தில் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தோம். எச்சத்திலிருந்து எழுந்த அம்மோனியா நம் கண்ணைக் கரித்தது. அங்கே வேலை செய்பவரோ, "நாத்தமா? ஒண்ணுந் தெரியலீங்களே!" என்றார். பழகிய மூக்கு ஏமாந்துவிடுகிறது; நுரையீரல் ஏமாறுவதில்லை.

1962-ல் ஜப்பானியரான டாகுச்சி, வெள்ளீய ஆக்ஸைடைக் கொண்டு வாயுவைக் கண்டறியும் வழியைக் காட்டினார். சூடேறிய ஆக்ஸைடின் மேல் காற்றின் பிராணவாயு ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைக்கிறது. அம்மோனியா வந்து அந்தப் பிராணவாயுவோடு சேர்ந்ததும் அவை விடுதலை பெறுகின்றன, மின்தடை குறைகிறது. துகள்கள் பத்து நானோமீட்டருக்கும் கீழே சிறுத்தால் உணர்ச்சி பன்மடங்காகும். ஆனால் சாராய ஆவிக்கும் அது அப்படியே துள்ளும்! ஆள் தெரியாமல் குரைக்கும் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் துத்தநாக ஆக்ஸைட் படலத்தால், சூடேற்றாமலே, அம்மோனியாவைத் தனித்தறிய முயன்றிருக்கிறார்கள். பண்ணைக் கொட்டகைக்கு அது எப்போது வரும் என்று அந்த வேலையாளுக்காகக் கேட்கிறோம்.